தைக்குத் தெரு இல்லை

இந்த ஊரில் மாதங்களுக்குத் தெரு உண்டு.
ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி,
ஒன்றைச் சுற்றி ஒன்று,
வெங்காயத்தில் தோல் இருப்பதுபோல.
தைக்கென்று எதுவும் இல்லை.
தையில் கிளம்புகிறவள்
தானே வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழமாசி வீதி வத்தல் மண்டியில்
இருப்பெடுத்து முடிக்க மூன்றே முக்கால்.
மூன்றுக்கே போய்விட்டது குழு.
"வெளாங்குடிக்கு வந்துரு தாயி, டீக்கடைல நிப்போம்"
சோணைமுத்து குருசாமி சொல்லி முடிக்குமுன்
போன் கண்ணை மூடிக்கொண்டது.

நேர்ச்சை என் வீட்டுக்காரருடையது.
அவர் காலில் இப்போது ஒரு தகடு, ஆறு திருகாணி.
நடை மட்டும் என்னுடையது.
பேர் மாற்றிய ரசீது செல்லுமா என்று
மலைமேல் இருப்பவனைத்தான் கேட்க வேண்டும்.
மண்டியில் செல்லாது.

பச்சைச் சேலை, தோளில் பை,
நகக்கண்ணில் கழுவியும் போகாத காரம்.
சிம்மக்கல்லில் ஆட்டோக்காரரைக் கேட்டேன்.
"பழநிக்கா? ஆரப்பாளையத்துல ஏறுங்க,
நிமிசத்துக்கு ஒரு வண்டி."
நடந்து, என்றேன்.
"நடந்தா?"
வண்டியை விட்டு இறங்கி
ரோட்டை ஒருமுறை பார்த்தார்,
அது அங்கே இருப்பதே இப்போதுதான் தெரிந்ததுபோல.
"கல்பாலத்துல எறங்கி அங்கிட்டு ஏறுங்க. செல்லூரு.
அப்புறம் நேரா..."
நிறுத்திக்கொண்டார்.
நேரே போனால் தத்தனேரி.
கோபத்தில் தவிர
இந்த ஊரில் யாரும் யாரையும்
அங்கே போகச் சொல்வதில்லை.

பதினோரு வருடம் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்
காலுக்கு வேறு மாதிரி இருக்கிறது.
மேம்பாலத்துக்கு நடைபாதை கிடையாது.
வைகையில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம்.
செல்லூரில் ஒரு சந்து தறிச் சத்தத்தோடு கூட்டிப்போய்
ரயில்வே சுவரில் முட்டி நின்றது.
திரும்பினேன். ஒரு நாயும் திரும்பியது.

ரவுண்டானாவில் கபடிச் சிலைகள்.
பாடி வந்தவனைப் பிடித்துக் கிடக்கிறார்கள்.
அவன் கை கோட்டைப் பார்த்தே நீண்டிருக்கிறது,
மழைக்கும் வெயிலுக்கும்.
விடுங்கப்பா, என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டியிருக்கவில்லை.
ஆரஞ்சுத் தோல், பேப்பர் கப்பு,
வார் அறுந்த ஒற்றைச் செருப்பு,
பையிலிருந்து உரிந்து விழுந்த
ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று:
குப்பை கூட்டாதவர்கள் புண்ணியத்தில்
வழி தெரிந்தது.

தத்தனேரி மதிலோரம் இரண்டு பேர்,
கையில் புதுப்பானை, உள்ளே கூப்பிடுவதற்குக் காத்து.
ஒருவர் என் சேலை நிறத்தைப் பார்த்து
செருப்பைக் கழற்றினார்.
"முருகனைக் கேட்டதாச் சொல்லுங்க."
தலையாட்டினேன்.
யார் கேட்டதென்று சொல்ல?
பேர் கேட்காமல் வந்துவிட்டேன்.

பாத்திமா காலேஜ் பக்கம் ஒரு லாரி
மூச்சுவிட்டு நின்றது.
"தாயி, மாட்டுத்தாவணிக்கு எப்பிடிப் போறது?
பாலத்து வேலைன்னு சுத்திவிட்டுட்டாக."
இரண்டு மணி நேரமாக வழி கேட்டு வந்தவள் நான்.
வாய் தானாகத் திறந்தது:
நேரே செல்லூர், கபடி ரவுண்டானா,
சந்துக்குள்ள மட்டும் விட்டுராதீங்க,
கோரிப்பாளையம், கே.கே. நகர் ஆர்ச்சு.
ஆற்றைத் தாண்டவே வேண்டாம்.

எங்கிருந்து வர்றீக, என்றேன்.
"ஒட்டன்சத்திரம். ரெண்டரை மணிக்கு எடுத்தது."
எனக்கு மூன்று நாள் தூரத்தை
அவர் ஒரு பீடிக்கட்டில் முடித்திருந்தார்.
லோடிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவி நீட்டினார்.
"ஊண்டிக்கங்க."
சிரித்துக்கொண்டே வாங்கி
ஊன்றாமல் பிடித்தபடி நடந்தேன்.

விளாங்குடி டீக்கடையில் யாரும் இல்லை.
பெஞ்சில் நாற்பது கிளாஸ், கழுவாமல்.
"இந்தா, இப்பத்தான்" என்றார் மாஸ்டர்.
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.
ஓரத்தில் ஒன்றில்
இன்னும் சூடு இருந்தது.